பாராசூட் குழுவில் துணிக்கு ஓர் உறுப்பினர்

நகரியில் நான்கு விசைத்தறி வைத்திருக்கும் கமலக்கண்ணனுக்கு ஜனவரி மாதம் ஓர் அரசாங்கக் கடிதம் வந்தது. அதுவரை அரசாங்கம் அவருக்கு அனுப்பியதெல்லாம் கரண்ட் பில்லும், கரண்ட் பில் கட்டாததற்கு நோட்டீசும்தான். அதனால் உறையைப் பிரிப்பதற்கு முன்னால் மெயின் சுவிட்சைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கடிதம் திருப்பதிக்கு வெளியே இருக்கும் கிளைடர் பயிற்சி மையத்திலிருந்து வந்திருந்தது. மையத்துக்கு அவசரகாலப் பாராசூட்டுகள் வாங்கப் போகிறார்கள். தேர்ந்தெடுக்க ஐந்து பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள். பாராசூட் துணியால் ஆனது என்பதை மேலிடம் கண்டுபிடித்துவிட்டதால், துணி தெரிந்த ஒருவரும் குழுவில் இருக்க வேண்டுமாம். மையத்தில் படிக்கும் அவர் மகள் பிரீத்தியின் விண்ணப்பத்தில், தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'துணி' என்று எழுதியிருந்தது. ஆகவே திரு. கமலக்கண்ணன், அலுவல்சாரா உறுப்பினர், துணி.

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். நீள இறக்கை, நடுவில் ஓர் ஆள் பாதி படுத்தவாக்கில் உட்கார இடம். தரையில் இருக்கும் விஞ்ச் என்ற சுழல் எந்திரத்தில் கம்பி வடம் கட்டி இழுப்பார்கள். மேலே போனதும் வடம் கழன்றுகொள்ளும். அதற்குப் பிறகு வெயிலில் எழும்பும் சூட்டுக் காற்றுதான் கதி. ஏதாவது ஏடாகூடம் ஆனால் கண்ணாடி மூடியைத் தள்ளிவிட்டுக் குதிக்க வேண்டும். அதற்காக முதுகில் ஒரு பாராசூட் கட்டிக்கொண்டு போவார்கள்.

மையத்தின் பழைய பாராசூட்டுகளுக்கு டிசம்பரோடு ஆயுள் முடிந்துவிட்டது. பறப்பது நின்றது. பிரீத்திக்குப் பத்தொன்பது வயது. உதவித்தொகை விதிப்படி மார்ச் முப்பத்தொன்றுக்குள் அவள் தனியாக ஒருமுறை பறந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"நாமளே குழுவுல இருந்தா பாப்பாவுக்கு நல்லதாப் பாத்து வாங்கிடலாம்" என்று கமலக்கண்ணன் மனைவியிடம் சொன்னார். குழுவில் உட்கார்ந்தால் எதையாவது தேர்ந்தெடுக்க முடியும் என்று அவர் நம்பினார். முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்புவார்கள்.

முதல் கூட்டம் தெலுங்கில் நடந்தது. நான் தமிழில் சொல்வதால் அதன் கம்பீரம் கொஞ்சம் குறையும். அதற்கு நான் பொறுப்பல்ல. மரியாதைக்குப் பெயரோடு சேர்க்கும் 'காரு'வை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். தலைவர், இணை இயக்குநர் ரமணா. மையத்துக்கு வருவதற்கு முன் பட்டுப்பூச்சி வளர்ப்புத் துறையில் இருந்தவர். அதுவும் பறக்கும் விஷயம்தான் என்று மாற்றல் உத்தரவு போட்டவர் நினைத்திருக்கலாம். அவருக்கு அடுத்து ஸ்டோர் சூப்பிரண்டு கிருஷ்ணம்மா, மடியில் நான்கு ரிஜிஸ்டர்களுடன். அப்புறம் ஒரு கணக்கு அதிகாரி. ஐந்தாவது உறுப்பினர் கடைசிவரை எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அவர் கையெழுத்து மட்டும் தவறாமல் வந்தது.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பயிற்சியாளர் அருள்குமார் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் கிளைடரில் ஏறியிருந்த ஒரே மனிதர். அதனால் அவர் குழுவில் உறுப்பினர் இல்லை. சிறப்பு அழைப்பாளர். பேசலாம், பேசியதை எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

அருள்குமார் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்திருந்தார். கிளைடரில் இடம் குறுகல் என்பதால் பாராசூட் மெல்லிசாக முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். பிரீத்தி நாற்பத்தாறு கிலோ, அவளோடு படிக்கும் சுனில் தொண்ணூறு கிலோ. இரண்டு பேரையும் தாங்க வேண்டும், பட்டைகள் இரண்டு உடம்புக்கும் இறுக வேண்டும். தாழ்வான உயரத்தில்கூட ஒரே இழுப்பில் விரிய வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் தெரிந்தவர் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்துக் கொடுக்க வேண்டும்.

ரமணா அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அருள்குமார் காரு, நல்ல உழைப்பு. ஆனா இந்தக் குறிப்பு முழுக்க விழறதப் பத்தியே பேசுது. இது பறக்கறதுக்கான மையம். விழறதுக்கு நமக்கு பட்ஜெட் தலைப்பே கிடையாது. அப்புறம், வருஷா வருஷம் பிரிச்சுப் பாக்கணுமாம். நல்ல பொருளா இருந்தா எதுக்குப் பிரிக்கணும்? எங்க வீட்டு ஃபிரிட்ஜை வாங்கி பன்னெண்டு வருஷமாச்சு, ஒருத்தரும் பிரிச்சதில்ல."

கணக்கு அதிகாரி, தன் வீட்டு ஃபிரிட்ஜும் அப்படித்தான் என்று உறுதிப்படுத்தினார்.

அடுத்து வந்தது முக்கியமான பிரச்சினை. பாராசூட்டை எந்த ரிஜிஸ்டரில் ஏற்றுவது? சீருடை என்று ஏற்றினால் இரண்டு வருஷத்துக்கு ஒரு செட், தையல் கூலியோடு கொடுக்க வேண்டும். உதிரி பாகம் என்றால் வண்டி நம்பர் வேண்டும், கிளைடருக்கு ஆர்.டி.ஓ. நம்பர் கிடையாது. இப்படியே டீ வந்தது, போனது. கடைசியில் கிருஷ்ணம்மா அருள்குமார் பக்கம் திரும்பி, சாதாரண நாளில் அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அருள்குமார் உண்மையைச் சொல்லும் பழக்கம் உள்ளவர். "குதிக்கிற நாள் வரவே கூடாதுன்னுதான் வேண்டிக்குவோம் மேடம். மத்த நாளெல்லாம் அதுமேல முதுகைச் சாய்ச்சுக்கினு உக்காருவோம்."

"அப்ப ஃபர்னிச்சர்" என்றார் ரமணா. அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

கமலக்கண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை தூக்கிக் கேட்டார். "சார், அது தொறக்கணும் இல்லீங்களா?"

"ஃபர்னிச்சர்ல தொறக்கறது பீரோ ஒண்ணுதான் கமலக்கண்ணன் காரு. பீரோவுக்குத் தனி ரிஜிஸ்டர்."

இரண்டாவது கூட்டம் மார்ச் முதல் வாரம் கூடியது. மூன்று டெண்டர் வந்திருந்தது. இரண்டு, பாராசூட்டே செய்கிற கம்பெனிகள். மூன்று வருஷம் ஃபர்னிச்சர் சப்ளை செய்த அனுபவச் சான்றிதழ் அவர்களிடம் இல்லாததால் உறை பிரிக்காமலே தள்ளுபடி ஆயின. மிச்சம் இருந்தது சித்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு மெத்தைக் கம்பெனி. அவர்களிடம் எல்லாச் சான்றிதழும் இருந்தது. பாராசூட் செய்த அனுபவம் மட்டும்தான் இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

மாதிரியை மேஜைமேல் வைத்தார்கள். அழகான நீல உறை. முதுகுப் பக்கம் மூன்று வரிசையாக ஒன்பது பொத்தான், மெத்தைக்குப் போடுவது மாதிரி குழித்துத் தைத்திருந்தது. பக்கத்தில் சிவப்பாக ஒரு கைப்பிடி. உறுப்பினர்கள் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்து மெச்சினார்கள்.

பிறகு பயன்பாட்டுச் சோதனை. ஒவ்வொருவராக நாற்காலியில் அதை வைத்துச் சாய்ந்து பார்த்தார்கள். ரமணா சாய்ந்தார், கண்ணை மூடினார். யாருக்கும் எழுப்பத் தைரியம் வரவில்லை. பதினொரு நிமிஷம் கழித்து அவரே விழித்துக்கொண்டு, "பாகுந்தி" என்றார், நன்றாக இருக்கிறதாம். சோதனை முழுத் திருப்தி என்று எழுதிக்கொண்டார்கள்.

"கைப்பிடிய ஒரு தரம் இழுத்துப் பாத்துடலாம் சார்" என்று அருள்குமார் எழுந்து நின்று சொன்னார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

இழுத்தால் வாரண்டி போய்விடும் என்றார் மெத்தைக் கம்பெனிக்காரர். ரமணா மெத்தைக் கம்பெனிக்காரரைப் பாராட்டும் விதமாகத் தலையசைத்தார். மறுநாளே அருள்குமாருக்கு உத்தரவு போயிற்று: சூளூர்பேட்டைப் பக்கம் ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பறப்பதில் அனுபவம் உள்ளவர் என்ற முறையில் மார்ச் கடைசிவரை அங்கே பணி.

அந்தக் கூட்டத்தில் கடைசியாகக் கமலக்கண்ணனின் முறை வந்தது. உள்ளே இருக்கும் துணியின் ஒரு சாண் துண்டு கோப்பில் குத்தியிருந்தது. துணி தரமானது என்று அவர் எழுதித் தர வேண்டும். துண்டைக் கையில் எடுத்தார். ஓரத்தைப் பார்த்தார். இரண்டு பச்சை இழை, நடுவில் ஒரு மஞ்சள்.

நகரியில் ஒவ்வொரு தறிக்காரரும் ஓரத்தில் தன் அடையாளத்துக்கு இழை விடுவார்கள். இரண்டு பச்சை நடுவில் ஒரு மஞ்சள், கமலக்கண்ணனுடையது. நவம்பரில் புத்தூர் வியாபாரி ஒருவர், பாவாடை லைனிங்குக்கு என்று வெள்ளைத் துணி ஆர்டர் கொடுத்தார். விலை கட்டுப்படியாகாததால் குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்காமல் கொஞ்சம் இளக்கமாகவே ஓட்டியிருந்தார். லைனிங்குக்கு அது போதும். அதுதான் கைமாறி மெத்தைக் கம்பெனிக்குப் போயிருக்கிறது. இப்போது துண்டை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். மூச்சு தாராளமாக அந்தப் பக்கம் போயிற்று. மூலைவாட்டாக இழுத்தார். இழைகள் விலகி வழிவிட்டன.

"சார், இது நான் நெஞ்சது."

ரமணா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"கேட்டீங்களா? தகப்பன் நெஞ்ச துணியில மக வானத்துலேர்ந்து இறங்கப்போறா! உள்ளூர்த் தயாரிப்புக்கு இதைவிட என்ன வேணும்? மினிட்ஸ்ல எழுதுங்க கிருஷ்ணம்மா காரு. பத்திரிகைக்கும் ஒரு காப்பி."

"சார், இது பாவாடை லைனிங்கு சார். ஆளத் தாங்காது."

"உங்க துணிமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா நாடு எப்படி முன்னேறும்?" ரமணா குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குக் கையெழுத்து ஆகலன்னா மறு டெண்டர். எட்டு மாசம். உங்க பாப்பாவுக்கு மார்ச் முப்பத்தொண்ணு இல்ல? யோசிச்சுக்கோங்க. இந்த மையத்துல இதுவரைக்கும் யாரு குதிச்சிருக்கா?"

கமலக்கண்ணன் யோசித்தார். தனியாகப் பறப்பது என்பது பத்து நிமிஷம். ஒரு சுற்று, இறங்கிவிடுவாள். குதிக்கிற நிலைமை வராது. வந்ததே இல்லையாம். இரண்டு வருஷமாகப் பாப்பா இதற்காகத்தான் விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்தாள். கையெழுத்துப் போட்டார்.

மாதிரியைச் சணல் கயிற்றால் கட்டி, ஐந்து உறுப்பினர்களுக்கு ஐந்து அரக்கு முத்திரை வைத்தார்கள். வராத உறுப்பினரின் முத்திரையும் வந்திருந்தது.

அடுத்த இரண்டு வாரம் கமலக்கண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும்போதெல்லாம் கை நின்றுவிடும். பாராசூட்டுகள் மையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன, வியாழக்கிழமை விழா என்று தகவல் வந்ததும், செவ்வாய் சாயங்காலம் பஸ் ஏறித் திருச்சானூர் போனார். பிரீத்தி அங்கே லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கே ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நைனா, நீ நெஞ்ச துணியாமே! ரமணா சார் எங்க எல்லாரையும் நிக்கவெச்சு சொன்னாரு. எனக்கு இத்தினி நாளா உள்ளுக்குள்ள கொஞ்சம் பயந்தான் நைனா. இப்ப இல்ல."

அவர் ஒரு டீக்கடை பெஞ்சில் அவளை உட்கார வைத்தார்.

"பாப்பா, அது பாவாடை லைனிங்குமா. ஊதுனா காத்து போவுது. நீ அத்த நம்பாத. வியாழக்கெழம ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்க. பறக்கவேணாம்."

பிரீத்தி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீ குழுவுல சொல்லலியா?"

"சொன்னேன்மா."

"சொல்லிட்டு?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஆட்டோக்காரர் ஒருவர் திருப்பதி, திருப்பதி என்று கூவிக்கொண்டிருந்தார். அவர் வண்டி நிறைந்து கிளம்பிப் போயிற்று.

"மொதல்ல போறது சுனிலு" என்றாள் பிரீத்தி. "அப்பறம் தரணி. நான் மூணாவது. எனக்கு நீ வந்து சொல்லிட்ட. சுனிலுக்கு யாரு சொல்றது நைனா? அவன் நைனா லூம் வெச்சிருக்கலியே."

அந்த வார்த்தை அவரைக் குத்திவிட்டது. ஹாஸ்டல் வாசலில் அவளை விட்டுவிட்டு, திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார். காலை பத்து மணிக்குக் கிருஷ்ணம்மாவின் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"மேடம், என் கையெழுத்த நான் வாபஸ் வாங்கிக்கணும்."

கிருஷ்ணம்மா தேடிப் பார்த்தார், நேர்மையாகவே தேடினார். லீவை வாபஸ் வாங்கப் படிவம் இருந்தது, ராஜினாமாவை வாபஸ் வாங்கப் படிவம் இருந்தது. கையெழுத்தை வாபஸ் வாங்கப் படிவம் இல்லை.

"சுனில் பையன் மொதல்ல போறானாமே?" என்று மெதுவாகக் கேட்டார் கிருஷ்ணம்மா. அவர் புத்தூர்க்காரர், தமிழ் பேசுவார். "நல்ல பையன். ஸ்டோருக்கு வந்தா செருப்பக் கழட்டிட்டுதான் உள்ள வருவான்."

பிறகு ஒரு பழைய விதிப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, யாருக்கோ டிக்டேஷன் கொடுப்பது மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். "முத்திரையிட்ட மாதிரி எக்காரணத்தாலாவது சேதமடைந்தால், அதனுடன் ஒப்பிட்டுப் பெறப்பட்ட சரக்கு அனைத்தும் அன்றே ஸ்டோருக்குத் திரும்ப வேண்டும். புதிய குழு அமைக்கப்பட வேண்டும்."

புத்தகத்தை மூடினார். "நாளைக்கு அந்த மாதிரிய மேடைக்குப் பக்கத்துல டேபிள்மேல வெப்பாங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

வியாழக்கிழமை ஓடுபாதையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வெல்வெட் விரித்த மேஜையில் முத்திரையிட்ட மாதிரி, சாமந்தி மாலையுடன் இருந்தது. கொஞ்சம் தள்ளிக் கிளைடர். அதில் சுனில் ஏற்கெனவே உட்கார்ந்து, பட்டையெல்லாம் மாட்டி, நெற்றியில் குங்குமத்தோடு வியர்த்துக்கொண்டிருந்தான். அருள்குமாருக்குப் பதிலாக வந்திருந்த பயிற்சியாளர், கோப்பில் 'தேர்வு பெற்றது' என்று இருந்ததைப் பார்த்துத் திருப்தி அடைந்திருந்தார். முதுகில் புது மெத்தை தடிமனாக இருந்ததால் கிளைடரின் கண்ணாடி மூடி சரியாக மூடவில்லை. இரண்டு பேர் மேலே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரமணா மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "இந்தப் பாராசூட் ஒருபோதும் விரியாதுன்னு நான் உறுதி சொல்றேன். விரிய வேண்டிய அவசியமே வராத அளவுக்கு இந்த மையம் பாதுகாப்பானது!"

கைதட்டல் எழுந்தது. கமலக்கண்ணனுக்குச் சால்வை போர்த்தக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நடந்தார். மேடைப்படி ஏறாமல் மேஜைப் பக்கம் திரும்பினார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் நூல் கத்தரியை எடுத்தார். சணல் கயிறு அறுந்தது. அரக்கு முத்திரைகள் உதிர்ந்து வெல்வெட்டில் உருண்டன. சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தார்.

கைப்பிடி கையோடு வந்தது. கூடவே நாலு அங்குலம் மெத்தை நூல். பாராசூட் அசையவில்லை.

உறையைக் கிழித்தார். உள்ளே அவர் நெய்த வெள்ளைத் துணி ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. அந்த மடிப்பு கலையக்கூடாது என்று, மெத்தைக்காரர்கள் தங்கள் தொழில் சுத்தத்தோடு ஒன்பது பொத்தானையும் துணி மொத்தத்தையும் ஊடுருவித் தைத்திருந்தார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் ஒரு சுருக்கம் விழுந்திருக்காது.

சுனில் மூடியைத் தள்ளிவிட்டு இறங்கி வந்தான். கைப்பிடியைப் பார்த்தான், பொத்தான்களைப் பார்த்தான். தன் முதுகிலிருந்ததைக் கழற்றிப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க!" ரமணாவுக்கு மைக்கை அணைக்கத் தோன்றவில்லை. "கைப்பிடி பிடிக்கறதுக்குக் குடுத்தது! அத இழுக்கச் சொல்லி எந்த விதியில இருக்கு? சாய்ஞ்சு உக்காந்திருந்தா இருபது வருஷம் உழைச்சிருக்கும்!"

கூட்டம் முழுக்க அதைக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. கிருஷ்ணம்மா எழுந்து ரிஜிஸ்டரைத் திறந்து, மாதிரி சேதம், நேரம் பதினொன்று நாற்பது, சரக்கு அனைத்தும் ஸ்டோருக்கு என்று உரக்கப் படித்துக்கொண்டே எழுதினார். பன்னிரண்டு பாராசூட்டும் தள்ளுவண்டியில் திரும்பிப் போயின.

மார்ச் முப்பத்தொன்று வந்தது, போயிற்று. பன்னிரண்டு மாணவர்களுக்கும் ஒரே மாதிரிக் கடிதம்: பறப்பதில் உரிய ஆர்வம் காட்டாத காரணத்தால் உதவித்தொகை ரத்து. கமலக்கண்ணனுக்குத் தனிக் கடிதம்: தன் சொந்தத் தயாரிப்பின்மீது பொதுமக்களுக்கு இருந்த நம்பிக்கையைக் குலைத்தது ஏன் என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். மாதிரியின் தரம் பற்றி யாரிடமும் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு அவர் ஹாஸ்டலுக்குப் போய் மகளின் பெட்டியையும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு நகரி பஸ் ஏறினார். பிரீத்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலைக்குமேல் வெயில் ஏறியிருந்தது. கிளைடருக்கு நல்ல காற்று உள்ள நாள் என்று அவருக்கே தெரிந்தது. அவள் வெளியே பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தூர் தாண்டியதும் அவளே பேசினாள்.

"கோவம் இல்ல நைனா. சுனில் அம்மா போன் பண்ணி அழுதாங்க. நீ கிழிச்சது நல்லதுதான்."

"ம்."

"ஆனா மொதல்ல கையெழுத்துப் போட்டியே, அது எனக்காகத்தானே?"

"ஒனக்காகத்தாம்மா."

"இனிமே எனக்காகன்னு எதுலயும் போடாத."

கமலக்கண்ணன் சரி என்றார். பிறகு, அவள் கேட்டாளோ இல்லையோ என்று, இன்னொரு தடவையும் சரிம்மா என்றார்.